பாதி விலைப் பனி

"இந்த வருஷம் என் குடும்பத்தைப் பனியில சறுக்க வெக்காம வுடமாட்டேன்" என்று அன்புமணி அறிவித்தபோது திருவொற்றியூரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தண்ணி லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டு நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று இரண்டு பேர் நினைத்தார்கள். மற்ற இரண்டு பேர் அவன் மனைவி ராமசெல்வியைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ராமசெல்வி குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

"சறுக்கலாம். மொதல்ல இந்த ரெண்டு குடத்தையும் சறுக்காம மாடிக்குக் கொண்டு வாங்க."

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. காசிமேட்டில் ஓர் இறால் கம்பெனி. அதில் பெட்டி பெட்டியாக இறாலை அடுக்கி வைக்கும் ஐஸ் ரூம். அந்த ரூமில் மைனஸ் பதினெட்டு டிகிரியில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவன் அன்புமணி. ஊரே வியர்வையில் குளிக்கும்போது அவன் மட்டும் மூக்கில் ஐஸ் கட்டி வெளியே வருவான். அப்படிப்பட்டவனுக்கு மேலே இருக்கும் சூப்பர்வைசர் சாலமோன், போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பனியில் உருண்டு, போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு பழைய கன்டெய்னர் கிடங்கைத் தட்டிக்கொட்டி 'பனிக்கோட்டை' என்று திறந்திருக்கிறார்கள். உள்ளே மெஷின் வைத்துப் பனி கொட்டி, மலைபோலச் சரிவு கட்டி, காலில் நீளப் பலகையை மாட்டிச் சறுக்க விடுகிறார்கள். ஸ்டேட்டஸில் சாலமோன் சறுக்கவில்லை, விழுந்துதான் கிடந்தார். ஆனாலும் சிரித்துக்கொண்டு கிடந்தார்.

"ஐஸ்லயே பொயங்குறவன் நானு. என் புள்ளைங்க ஐஸை ஃபிரிட்ஜுல மட்டும் பாக்குது. இது அடுக்குமா?"

"நம்ம வீட்ல ஃபிரிட்ஜும் இல்லீங்க" என்றாள் ராமசெல்வி.

அன்று சாயங்காலமே பைக்கை எடுத்துக்கொண்டு பனிக்கோட்டைக்குப் போனான். கவுன்டரில் ஜூடி என்று பெயர் குத்திய பெண் இருந்தாள். நாலு பேர் ஒரு தரம் போய்வர இரண்டாயிரத்து நானூறு என்றாள். குடும்பத்துக்கு சீசன் பாஸ் எடுத்தால் பதினெட்டாயிரம், எத்தனை தரம் வேண்டுமானாலும் வரலாம் என்றாள்.

"சீசன்னா இன்னா சீசன்மா?"

"பனி சீசன் சார். ஜூன்லேருந்து மார்ச் வரைக்கும்."

"நம்ம ஊர்ல அது வெயிலு, மழை, வெள்ளம் மூணும் ஒண்ணா வர்ற சீசனாச்சே."

"உள்ள எப்பவும் பனிதான் சார்."

"மாணவர் சலுகைன்னு போர்டுல போட்டுக்கீறீங்க. என் பொண்ணு மூணாங்கிளாஸ். ஸ்டூடண்ட்டு தானே?"

"அது குழந்தை சார்."

"குழந்தை இன்னா சும்மாவா கீது? தெனம் மூணு கிலோ புக்கு தூக்கிக்கினு போவுது."

ஜூடி ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினாள். அன்புமணி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பதினெட்டாயிரத்தை மனசில் சுமந்துகொண்டு வீடு வந்தான். கம்பெனி போனஸ் இருபதாயிரம் வந்திருந்தது. அதில் பதினெட்டைப் பனியில் கொட்டிவிட்டால் மீதி இரண்டில் பைக்குக்கு டயர் மாற்றலாம். ஒரு டயர்.

இந்த இடத்தில் ராமசெல்வியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது முடித்தவள். தூத்துக்குடிக்கு ஆறு மாசம் வேலையாகப் போன அன்புமணி, திரும்பும்போது இறால் லாரி முன்னால் வர, கல்யாணம் முடித்து அவளோடு பின்னால் வந்தான். அச்சடித்தது எது கிடைத்தாலும் வாசித்துவிடுவாள். பஜ்ஜி கட்டி வந்த காகிதத்தைக்கூட எண்ணெயைத் துடைத்து வாசிப்பாள். தபாலில் பி.காம். படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒவ்வொரு ஜூன் மாசமும் கேட்பாள். ஒவ்வொரு ஜூனுக்கும் அவனிடம் ஒரு பதில் இருக்கும். ஒரு வருஷம் "கைப்புள்ள கீதும்மே." இன்னொரு வருஷம் "அப்பால பாத்துக்கலாம்." போன வருஷம், "ரெண்டு புள்ள பெத்தவளுக்கு இன்னாத்துக்குப் படிப்பு, கலெக்டராவா போவப்போற?"

இந்த ஜூன் மாசம் சும்மா வந்த ஜூன் இல்லை. மகள் இலக்கியா படிக்கிற பள்ளிக்கூடத்தில் கிளார்க் சார் மூன்று வருஷத்தில் ரிட்டயர் ஆகிறார். "அப்ப ஒரு டிகிரியோட வந்து நில்லு, மத்ததை நான் பேசிக்கறேன்" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியிருந்தார். டிகிரிக்கு மூன்று வருஷம். இந்த ஜூனை விட்டால் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்துவிடுவார்கள். நேரே கேட்டால் புருஷனிடம் எட்டாவது பதில் தயாராக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவள் கேட்கவே இல்லை.

சட்டையைத் துவைக்க எடுத்தபோது நோட்டீஸ் கிடைத்தது. முன்பக்கம் வாசித்தாள். பின்பக்கம் வாசித்தாள். இன்னொரு தரம் முன்பக்கம் வாசித்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

அன்புமணி சாப்பிட உட்கார்ந்திருந்தான். சுறாப் புட்டு.

"இலக்கியா, உனக்குத் தமிழ் வாசிப்பு வரலைன்னு டீச்சர் சொன்னாங்கல்ல. இதைச் சத்தமா வாசி. இந்த வரியிலேருந்து."

பிள்ளை விரல் வைத்து வாசித்தது. "பெற்... றோரில்... ஒருவர்..."

"எழுத்துக் கூட்டாத. திருப்பி வாசி."

"பெற்றோரில் ஒருவர் கல்லூரி மாணவராக இருப்பின்..."

"ம்."

"குடும்ப சீசன் பாஸ் பாதி விலை."

"எங்க, இன்னொரு தடவ."

மூன்றாவது தடவை வாசிக்கும்போது புட்டு அன்புமணியின் வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது.

"அத்த இங்க குடு" என்று நோட்டீஸை வாங்கிப் பார்த்தான். கண்ணு இரண்டும் மீன் மார்க்கெட் பல்பு மாதிரி எரிந்தன. "செல்வி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சோறு போடட்டுமா?"

"சோறு கெடக்குது. நீ வருஷா வருஷம் இன்னாவோ படிக்கணும் படிக்கணும்னு சொல்லிக்கினு இருந்தியே. அத்த இப்ப படியேன்."

ராமசெல்வி சட்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு எதுக்குங்க படிப்பு. ரெண்டு பிள்ள பெத்தவ."

"அதனால இன்னா? ரெண்டு புள்ள பெத்தவ படிக்கக் கூடாதுன்னு சட்டம் கீதா?"

"கலெக்டராவா போகப்போறேன்?"

"படிச்சவங்க அல்லாரும் கலெக்டராவா பூட்டாங்க? படிப்பு அறிவுக்கும்மே."

"இருக்கட்டும். அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு தள்ளிக்கினே போனா வயசு நிக்குமா? எந்தக் காலத்துல கீற நீ? பொம்பள தன் கால்ல நிக்கணும். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ இன்னா பண்ணுவ?"

தன் வாயிலிருந்து இத்தனை நல்ல கருத்துகள் வருவது அன்புமணிக்கே ஆச்சரியமாக இருந்தது. இவையெல்லாம் எங்கேயோ கேட்டமாதிரியும் இருந்தன. போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், இதே இடத்தில், இதே சட்டி பக்கத்தில்.

"வீட்டு வேலை யாரு பாப்பா?"

"நான் பாத்துக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை வகுப்பு இருக்குமாமே. பிள்ளைங்கள?"

"அய்ய, அதுவும் நான் பாத்துக்கறேன். நீ போவவா போற? ஸ்டூடண்ட்டு கார்டு ஒண்ணு வந்தா போதும்மே நமக்கு. பாஸ் எடுத்துக்கினு கார்டைப் பீரோல போட்டுக்கலாம்."

"வாய்ல சொன்னா எனக்கு நம்பிக்கை வராதுங்க. எழுதிக் குடுங்க."

எழுதியது இலக்கியா. நாலு கோடு நோட்டில். ஞாயிறு சமையல் அப்பா. ஞாயிறு பிள்ளைகள் அப்பா. பரீட்சை மாசத்தில் பாத்திரம் அப்பா. 'பாத்திரம்' என்ற சொல்லில் பிள்ளை தப்பு விட்டிருந்தது. ராமசெல்வி திருத்தச் சொன்னாள். அன்புமணி நாலாயிரம் ஃபீஸ் போக ஐயாயிரம் மிச்சம் என்ற சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டான். அந்தப் பக்கத்தைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். பாவம், செல்வி வெள்ளந்தி.

மறுநாள் காலையில் தெருமுனை சாபிராக்காவின் ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு பேரும் போனார்கள். ஆன்லைன் அப்ளிகேஷன் என்றால் அந்த வட்டாரத்தில் சாபிராக்காதான். ரேஷன் கார்டு முதல் பாஸ்போர்ட் வரை அவள் விரல் படாமல் எதுவும் அரசாங்கத்துக்குப் போகாது.

"அக்கா, இவளை பி.காம்.ல சேத்து வுடணும்."

சாபிராக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மௌஸை நாலு தட்டுத் தட்டினாள். ஸ்க்ரீனில் ராமசெல்வியின் போட்டோ வந்தது. பத்தாவது மார்க் ஷீட் வந்தது. பன்னிரண்டாவது மார்க் ஷீட் வந்தது. கையெழுத்துகூட வந்தது.

அன்புமணி வாயைப் பிளந்தான். "இவ சர்ட்டிபிகேட்டு அல்லாம் உன் கம்ப்யூட்டர்ல எப்டி கீது?"

"அது மூணு வருஷமா கீது தம்பி. ஜூனு வந்தா தொறப்போம், ஜூலை வந்தா மூடுவோம். பணம் கட்ற எடம் மட்டும் காலியா கீது. போன் எட்றா, ஸ்கேன் பண்ணு."

அன்புமணி மனைவியைப் பார்த்தான். அவள் லேமினேஷன் விலைப்பட்டியலை அக்கறையாக வாசித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு என்னமோ உறைத்தது. ஆனால் ஐயாயிரம் மிச்சம் என்ற நினைப்பு அந்த உறைப்பை விழுங்கிவிட்டது. ஸ்கேன் செய்தான்.

கார்டு வந்த அன்றைக்குக் குடும்பமே பனிக்கோட்டைக்குக் கிளம்பியது. ஒரே பைக்கில் நாலு பேர். சின்னவன் கபிலன் பெட்ரோல் டேங்க் மேல். ஜூடி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்பதாயிரத்தை வாங்கிக்கொண்டு பாஸை நீட்டினாள். அன்புமணி நெஞ்சை நிமிர்த்தினான்.

"சார், மூணு மாசத்துக்கு ஒரு தரம் வகுப்புக்குப் போன வருகைச் சீட்டைக் காட்டணும். இல்லைன்னா மீதி ஒன்பதாயிரம் கட்டணும்."

நெஞ்சு இறங்கியது. "இத்த யாரு சொன்னது?"

"நோட்டீஸ்லயே இருக்கு சார். பின்பக்கம்."

அன்புமணி மெதுவாகத் திரும்பினான்.

"ஆமாங்க, இருந்துச்சு" என்றாள் ராமசெல்வி. "இலக்கியாவுக்கு முன்பக்கம்தான் வாசிக்கக் குடுத்தேன். ஒரே நாள்ல ரெண்டு பக்கம் வாசிச்சா பிள்ளைக்குக் கண்ணு வலிக்கும்ல."

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. வாசலில் நின்று பேசவும் வாயைத் திறந்தான். அவள் கையிலிருந்த கார்டு கண்ணில் பட்டது. போட்டோவில் ராமசெல்வி சிரிக்காமல், கல்யாணப் போட்டோவில் இருந்ததைவிடக் கம்பீரமாக இருந்தாள். கீழே 'மாணவர்' என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லை அவள் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள், ஈரம் காயாத கோலத்தைத் தொடுகிறமாதிரி. அன்புமணி பாஸை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"சரி, உள்ள வாங்க. குளிரு சும்மாப் போவுது."

ஆக ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. காலை ஏழு மணிக்கு ராமசெல்வி நோட்டும் தண்ணி பாட்டிலுமாக வகுப்புக்கு பஸ் ஏறுவாள். அன்புமணி இட்லி என்ற பெயரில் ஏதோ ஒன்றை அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பான். பிறகு பனிக்கோட்டை. பாஸ் எடுத்தாயிற்று, போகாவிட்டால் நஷ்டம். பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் உள்ளே இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆறு நாள் மைனஸ் பதினெட்டில் நிற்கிறவன், ஏழாவது நாள் காசு கட்டி மைனஸ் ஐந்தில் நின்றான்.

அங்கே கோட்டு வாடகை ஆளுக்கு நூற்றைம்பது. அன்புமணியா கொடுப்பான்? ஐஸ் ரூமில் போடுகிற தன் சொந்த நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு போனான். பனிக்கோட்டை ஊழியர்களின் கோட்டும் நீலம்தான் என்பதை உள்ளே போன பிறகுதான் கவனித்தான்.

"தம்பி, இந்த பூட்ஸ் கயிறு அவுந்துபோச்சு பாரு" என்றார் ஓர் அம்மாள், காலை நீட்டி.

கட்டிவிட்டான்.

"அண்ணே, எங்க பையன் விழுந்துட்டான், தூக்கி விடுங்க."

தூக்கிவிட்டான். பதினோரு வருஷம் ஐஸ்கட்டி மேல் பெட்டி சுமந்து வழுக்காமல் நடந்தவன் அவன். சரிவில் ஏறி இறங்கும் வித்தை மற்ற யாருக்கும் வரவில்லை, அவனுக்குக் காலிலேயே இருந்தது. "முட்டியை மடக்கு. குதிகால்ல நிக்காதே. கீழ பாக்காத, நேராப் பாரு" என்று யாருக்கோ சொன்னதை இன்னும் நாலு பேர் கேட்டு நின்றார்கள். மத்தியானத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பூட்ஸ் கட்டியாயிற்று. கொஞ்சம் ஓய்ந்து டீ குடிக்க ஒதுங்கினான். மேனேஜர் ரகுபதி வந்து நின்றார்.

"யோவ், புதுசா? இந்த நேரத்துல டீக்கு உன்னை யாருய்யா வுட்டது?"

"சார், நான் காசு குடுத்து வந்தவன்."

ரகுபதி பாஸை வாங்கிப் பார்த்தார். ஆளையும் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க சார். டீ குடிங்க" என்றார். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தார். "டீ குடிச்ச பிறகு, அந்த மூணாவது சரிவுல ஒரு பாட்டி மாட்டிக்கினு இருக்காங்க. முடிஞ்சா..."

போனான். இறக்கிவிட்டான்.

இதையெல்லாம் அவன் வீட்டில் சொல்லியிருக்க மாட்டான். கபிலன் சொல்லிவிட்டான். "அம்மா, அப்பாதான் அங்க எல்லாருக்கும் சார்." ராமசெல்வி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா வேலை செய்யற எடமும் இந்த மாதிரிதான் இருக்குமாப்பா?" என்று இலக்கியா கேட்டாள்.

"இதே குளிருதாம்மா. இன்னும் சாஸ்தி. ஆனா அங்க இறாலுக்குத்தான் மருவாதி."

பிள்ளை அவன் கையைப் பிடித்து, குளிரில் வெடித்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தது. பதினோரு வருஷத்தில் அந்த விரல்களை வீட்டில் யாருக்கும் அவன் காட்டியதில்லை. ஒன்பதாயிரம் போனால் போகட்டும் என்று அன்புமணிக்கு முதல் தடவையாகத் தோன்றியது. இதைக்கூட அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வருகைச் சீட்டு மூன்று மாசத்துக்கு ஒன்று ஒழுங்காகப் போனது. மழைக்காலத்தில் சடையங்குப்பம் பக்கமெல்லாம் தண்ணீர் நின்று பஸ் ஓடாத ஒரு ஞாயிறு, அவளே வேண்டாம் என்று சொல்லியும் பைக்கைத் தள்ளிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் அவளை வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டான். "ஒன்பதாயிரம்மே" என்று காரணமும் சொன்னான். அவளும் நம்பினமாதிரி தலையாட்டினாள். பரீட்சை மாசத்தில் பாத்திரம் தேய்த்தான். அக்கவுன்டன்சியில் பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்று அவள் உரக்கப் படித்ததைக் கேட்டுக் கேட்டு அவனுக்கே பாதி மனப்பாடம் ஆனது.

மே மாசம் ரிசல்ட் வந்தது. எல்லாப் பேப்பரும் பாஸ். அக்கவுன்டன்சியில் எழுபத்தொன்று. அன்புமணி முதலில் சாபிராக்காவுக்குச் சொன்னான். பிறகு தண்ணி லாரி டிரைவருக்கு. பிறகு, டிரைவருக்கு மட்டும் சொன்னால் எப்படி என்று, குடம் வைத்திருந்த அத்தனை பேருக்கும். சாலமோன் அண்ணனுக்குக் கால் கிலோ லட்டு போனது.

வீட்டுக்கு வந்தபோது ராமசெல்வி கண் கலங்கி நின்றாள்.

"உங்களாலதாங்க. நான் சொல்லுதேன்னு இல்ல, நெசமாவே. ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூட நீங்க முகம் சுளிக்கல. எங்க ஊர்ல இந்த மாதிரி எவனும் செய்ய மாட்டான்."

"அய்ய, இதுல இன்னா கீது. நாந்தான செல்வி உன்னைப் படி படின்னு சொன்னவன்" என்றான் அன்புமணி. சொல்லும்போது அது முழு உண்மை என்றே அவனுக்குப் பட்டது. நெஞ்சு விரிந்தது. "அடுத்த ரெண்டு வருஷமும் நீ படி. ஃபீஸைப் பத்திக் கவலையே படாத. பாஸும் எடுக்கறோம், முழு விலைன்னாலும் எடுக்கறோம்."

"முழு விலை எதுக்குங்க? போன வாரம் கவுன்டர்ல போய்க் கேட்டேன், ஜூடி அடுத்த சீசன் நோட்டீஸ் குடுத்தா."

"இன்னா போட்டுக்கீது?"

இந்தத் தடவை மகளைக் கூப்பிடவில்லை. தானே வாசித்தாள், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும். பெற்றோர் இருவரும் படித்துக்கொண்டிருப்பின் பாஸ் கால் விலை. எந்த வகுப்பானாலும் சரி, பத்தாவது தனித்தேர்வு எழுதுபவர்களும் சேர்த்தி.

அன்புமணிக்கு மைனஸ் பதினெட்டில்கூட வராத நடுக்கம் வந்தது. அவன் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டு, அந்தக் கோபத்தில் படகுத்துறைப் பக்கம் வேலைக்குப் போனவன். அதற்குப் பிறகு இறால் பெட்டியைத் தவிர வேறு எதையும் எண்ணியதில்லை.

"செல்வி, எனக்கு முப்பத்தாறு வயசும்மே."

"சாபிராக்கா கடையில பணம் கட்டிட்டேன். காத்திவாக்கம் டுடோரியல். பொண்டாட்டி படிச்சா புருஷனுக்கு டியூஷன்ல சலுகையாம்" என்று சொல்லி, நாலு கோடு நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "சனிக்கிழமை அரை நாள் லீவுக்கு சாலமோன் அண்ணன்கிட்டயும் போன்ல சொல்லியாச்சு. உங்க லட்டைத் தின்னுக்கிட்டேதான் சரின்னார்."